ஒழுங்கையில் கட்டிய வெள்ளைத் துணி

என் ஆசை மச்சாள்,

உன்னுடைய கண்காட்சி அறையை நேற்றுத் திறந்துவிட்டோம். நாவற்குடாவில் வாவியோரம் இருக்கும் பழைய சனசமூக நிலையத்தை நம் பெடியன்கள் கலைக்கூடமாக்கி வைத்திருப்பது உனக்குத் தெரியும்தானே. அந்த மண்டபத்துக்கென்றே கனடாவில் படுக்கையில் இருந்தபடி நீ வரைந்து அனுப்பியதைப் பிசகாமல் செய்தேன். கூரையிலிருந்து கீழே வெள்ளைத் துணிகள், தரையில் கணுக்கால் நனைய வாவித் தண்ணீர். விலக்கி விலக்கி நடந்தால் விடியப்புறப் பனிக்குள் தோணியில் போவது மாதிரி இருக்க வேண்டும் என்றாய். இருந்தது, மச்சாள்.

ஆனால் மாமியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். உன்னை எரித்ததைப் போனில்தான் பார்த்தோம். உன் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பவுடர் பூசிக்கொண்டு கிடக்கிற அது என்ட புள்ள இல்லகா" என்றார். இங்கே செத்த வீடு நடத்தவும் விடவில்லை. பெற்ற மகளுக்காக அழ மறுக்கும் தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எப்படி அழுவேன், சொல்லு?

துணி, மண்டபத்துக்கு வரும் ஒழுங்கை முனையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வரைந்திருந்தாய். வேலியோரம் வெள்ளை வெள்ளையாகக் கட்டினோம். ஒழுங்கையில் வெள்ளை கட்டினால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது வெளிநாட்டில் இருந்த உனக்கு மறந்திருக்கலாம். இங்கேயே கிடக்கும் என் புத்தி எங்கே போனது?

பின்னேரம் பார்த்தால் கண்காட்சிக்கு உடுத்திக்கொண்டு யாரும் வரவில்லை. பழைய சீலையோடு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, செத்த வீட்டுக்கு வருவது மாதிரி அயல் சனம் வருகிறது. முன்னால் வந்த பக்கத்து வளவு செல்லம்மாக்கா வாசலில் நின்று கேட்டார்.

"ஆருகா மோசம் போன? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது கண்காட்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"என்ட மூத்தவள்கா. கனடாவுல."

செல்லம்மாக்கா அப்படியே மாமியைக் கட்டிப்பிடித்தார். மாமி அழுதார், மச்சாள். உன் துணிகளுக்கு நடுவே, அந்தத் தண்ணீரிலேயே குந்தி இருந்து, சீலை நனைய நனைய உன் பெயரைச் சொல்லி அழுதார். வந்த பெண்கள் சுற்றி இருந்து கூட அழுதார்கள். நானும் வாய்விட்டுக் கத்தினேன். வெளியூரிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் இதையும் உன் படைப்பு என்று நினைத்து வீடியோ எடுக்கப் பார்த்தார். அவருடைய போனைப் பறித்து வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பாய்.

இல்லை, இப்படி நடக்கும் என்று தெரிந்தேதான் வரைந்தாயா? இனி யாரிடம் கேட்பது?

பொழுதுபடச் சனம் கலைந்தது. செத்த வீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்வதில்லையே, ஒவ்வொருவராகப் பேசாமல் எழும்பிப் போனார்கள். அந்தப் பேச்சில்லாத போக்கில்தான் நீ செத்துப்போனது எனக்கும் விளங்கியது.

வீட்டுக்கு நடக்கும்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவள் போனது இண்டைக்கு எண்டு கணக்கு வச்சு எட்டாம் நாள் படைக்கணும் புள்ள. அவளுக்கு வாவி இறால் எண்டால் உசிரு. கிடைக்குமா?"

கிடைக்கும், மச்சாள். தோணிகள் கரைக்கு வரும் நேரத்துக்குப் போய், துடிக்கத் துடிக்க வாங்கி வருவேன். மாமியே சமைக்கட்டும், நான் பக்கத்தில் நிற்பேன்.

உன் மாமன் மகள்,
ரஞ்சி