கேசட் மட்டும் போதும்

5.3.84, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. நூறு. என் பெயர், கீழே 'கிளாரினெட் தனிக் கச்சேரி', திருநகர் முகவரி. போன் நம்பர் அப்துல் பாய் மளிகைக் கடையுடையது, பக்கத்தில் பி.பி. யாராவது கூப்பிட்டால் பாய் வந்து சொல்வார்.

பதினோரு வருஷம் செ. அண்ணன் மெல்லிசைக் குழுவில் வாசித்தேன். நோட்டீஸில் அவர் படம், பாடகர்கள் பெயர், கடைசியில் 'மற்றும் குழுவினர்'. அதற்குள் நான். இனி என் பெயரை நானேதான் போட்டுக்கொள்ள வேண்டும். விலகி இரண்டு மாதம் ஆச்சு, குழுவில் ஒரு பயல் எட்டிப் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியவை:
பசுமலை, திருநகர் கல்யாண மண்டபங்கள். மேனேஜரிடம் கார்டு.
சாம்பிள் கேசட், மொத்தம் ஐந்து.
வெள்ளைச் சட்டைக்குப் பட்டன்.

9.3.84, வெள்ளி
அறையிலேயே ரெக்கார்டிங். டேப் ரிக்கார்டர் பாயுடையது. ஜன்னலுக்குப் போர்வை. வியர்வை ஆறு. சாம்பிளுக்குப் பத்து நிமிஷம் போதும் என்றார் மண்டப மேனேஜர். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பக்கமும் முழுசாக வாசித்துத் தள்ளினேன். ஒரு மணி நேரம். இவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்க ஆள் இல்லை. கண் கலங்கிவிட்டது. கழுதை, இதற்கெல்லாமா. மாலை கேசட் கடையில் நாலு காப்பி எடுக்கக் கொடுத்தேன்.

14.3.84, புதன்
உசிலம்பட்டி. போக வர பஸ்ஸில் நின்றபடி. பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல், 27 தொடங்கி மூன்று நாள். கமிட்டித் தலைவர் ஒச்சப்பன், மாட்டுத் தரகர். டீக்கடையிலேயே கேசட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அம்புட்டும் நீங்களாண்ணே வாசிச்சது?"

"நான்தான்."

"எங்க திருவிழாவுக்கு இதுதான்ணே. வச்சிட்டுப் போங்க. பாய் கடைக்குப் போன் போடுறேன்."

சொந்தப் பெயரில் முதல் கச்சேரி. செ. அண்ணன் காதுக்கு எப்படியும் போகும். போகட்டும்.

20.3.84, செவ்வாய்
இன்று மூன்று தடவை பாய் கடை. சும்மா போகக் கூச்சம். சோப்பு, தீப்பெட்டி, மறுபடியும் சோப்பு.

"போன் வந்துச்சா பாய்?"

"வந்தா நானே ஓடி வர மாட்டனா தம்பி? இம்புட்டுச் சோப்பை வாங்கி என்ன செய்யப் போறீங்க?"

வேறு யாரிடமும் இன்று பேசவில்லை.

27.3.84, செவ்வாய்
போன் வரவேயில்லை. வேலைக் கெடுபிடியில் மறந்திருப்பார், எதற்கும் போய் நிற்போம் என்று சலவைச் சட்டை, கிளாரினெட் பெட்டி, மிச்சக் கேசட்டுகளோடு காலை பஸ். இறங்கும்போதே குழாய் ஸ்பீக்கரில் கிளாரினெட். வேறு ஆளைப் போட்டுவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. நடுவில் ஒரு குக்கர் விசில். என் பக்கத்து வீட்டுக் குக்கர். வாசிப்பது நான்தான்.

ஒச்சப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கண்ணே. விடிஞ்சதுல இருந்து உங்க கேசட்டுதான். சனம் சொக்கிப் போச்சு."

மேடை எதுவும் போடவில்லை. கச்சேரி என்று அவர் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷர் முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. பந்தியில் உட்கார வைத்தார். பக்கத்து இலைக்காரர் பாட்டு நல்லாயிருக்கு என்றார். வாசிப்பது யார் என்று கேட்கவில்லை. அறையில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பாயசம் வரும்போது பாட்டு இழுத்து இழுத்து நின்றது. மைக்செட்காரர் நாடாவை உருவினார். கசங்கிச் சுருண்டு வந்தது. கையைக் கழுவிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

"நானே வாசிக்கிறேன்ணே. காசெல்லாம் வேண்டாம்."

ஒச்சப்பன் பதறிவிட்டார். "விருந்துக்கு வந்தவுகளை வேலை வாங்குறதா? நல்லாருக்காதுண்ணே. இன்னொரு கேசட் இருந்தா மட்டும் குடுங்க, போதும்."

பையில் நாலு இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.