ஒன்றுக்கொன்று பொருந்தாத பற்றரிகள்

மச்சான்,

இன்று காலை உம்முடைய துளை போடும் மெசினின் பெட்டியைத் திறந்தேன். காறல் பிடித்த தேங்காய் எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. உப்புக் காற்றுக்கு கிறீஸ் பூச வேண்டும், தேங்காய் எண்ணெய் பூசக்கூடாது என்று உமக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நீர் கேட்கவில்லை. இனிச் சொல்லியும் பயனில்லை. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் மெசினை வெளியே எடுத்தேன்.

பெட்டியை என் தங்கச்சி நேற்றுக் கொண்டுவந்து தந்தாள். உம்மை அடக்கம் செய்தபின் அவள் அதை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை. எனக்கு என் மெசின் இருக்கிறது. நேற்று அவள் பெட்டியை வைத்துவிட்டு, கதிரையில் இருக்காமலே பேசினாள்.

"அண்ணை, அந்த ஊர்காவற்றுறை மனுசன் நாளைக்கு மத்தியானப் படகிலை வருகுதாம். பின்பலகை பூட்டியிருந்தால் நான் விக்கேல்லை எண்டு சொல்லுவன். இல்லாட்டி அவர் கொண்டு போகட்டும். கரையிலை கிடந்து வெடிக்கிறதைப் பார்க்க எனக்கு ஏலாது."

நம்முடைய படகைத்தான் சொன்னாள். பாதி உம்முடையது, பாதி என்னுடையது. உம்முடைய பாதி இப்போது அவளுடையது. விற்க அவளுக்கு உரிமை உண்டு. என் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு நான் மீன் பிடிக்க முடியாது.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். முதலிலிருந்தே எழுதவேண்டும். ஏனென்றால் இதில் யார் பிழை என்பது உமக்கு ஒருபோதும் விளங்கவில்லை.

இஞ்சினைத் தாங்கும் பின்பலகை உக்கியது நம் இருவருக்கும் ஒரே நாளில்தான் தெரிந்தது. இஞ்சினைத் தூக்கியபோது வெளியே பைபர் நன்றாக இருந்தது. உள்ளே மரம் தேத்தண்ணியில் ஊறிய பாணைப் போல் பிய்ந்து வந்தது. முன்பென்றால் யாரிடமாவது ஜெனரேற்றர் இரவல் வாங்கி, ஈர மணலில் வயர் இழுத்து வேலை செய்வோம். ஒருமுறை அந்த வயரில் கரண்ட் அடித்து உம்மை உதறி எறிந்ததும், நீர் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "இனிமேல் வால் உள்ள மெசினோடை எனக்குச் சங்காத்தம் இல்லை" என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. வயரில்லாத மெசின் வாங்குவது என்று அன்றைக்கு முடிவு செய்தோம். அதில் மட்டும் நமக்குள் ஒற்றுமை இருந்தது.

நம் இருவருக்கும் ஒருவரும் வேலை பழக்கவில்லை. நான் சாமான்களைப் பழுதாக்கிப் பழகினேன். நீர் கண்டவர்களையெல்லாம் கேட்டுப் பழகினீர். மெசின் வாங்க யாழ்ப்பாணம் புறப்பட்ட அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் போய்ச் சேருவதற்குள் படகில் இருந்த எல்லோரிடமும் எந்த மெசின் நல்லது என்று கேட்டு முடித்துவிட்டீர். கோவிலுக்குப் போன ஒரு மனுசி உமக்குச் சொன்ன ஆலோசனையும் என் காதில் விழுந்தது. நிறம் வடிவாக இருக்கவேண்டுமாம்.

எனக்குச் சில விதிகள் இருந்தன. இன்றும் இருக்கின்றன. துளை போடுவது, அறுப்பது, தேய்ப்பது எல்லாம் ஒரே இனமாக, ஒரே கம்பனியாக இருக்கவேண்டும். ஒரு பற்றரி எல்லாவற்றுக்கும் பொருந்தவேண்டும். துளைக்கும் கம்பியைக் கவ்வும் வாய் இரும்பாக இருக்கவேண்டும், பிளாஸ்ரிக்காக இருக்கக்கூடாது. பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே சாமான் கிடைக்கவேண்டும். கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் அந்த மெசின் இனி வராது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கமுன் மரத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வெறும் காற்றில் சுற்றும்போது எல்லா மெசினும் நல்ல மெசின்தான்.

அதற்காகத்தான் முற்றிய பனையில் ஒரு துண்டு அறுத்துச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தேன். பனை வைரம் எந்த மெசினுக்கும் பொய் சொல்ல இடம் கொடாது. கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"ஐயா, உந்த விறகை ஏன் கடைக்குள்ளை கொண்டு வாறியள்?"

"விறகில்லைத் தம்பி, பனை. உதிலை ஒரு ஓட்டை போட்டுக் காட்டும்."

"புதுச் சாமான் ஐயா. போட்டுக் காட்டேலாது."

"அப்ப எங்களாலையும் வாங்கேலாது."

நீர் என் பின்னால் நின்று சிரித்தீர். பிறகு நீரே அவருடன் கதைத்துச் சமாளித்தீர். மேசைக்குக் கீழிருந்த, ஆட்களுக்குக் காட்டுவதற்கான மெசின்களை அவர் எடுத்துத் தந்தார். நான் பாரமானதைப் பிடித்தேன். அது பனைக்குள் நிதானமாக இறங்கியது; சத்தம் மாறவில்லை. நீர் வேறோர் இனத்தில் சிறியதொன்றை எடுத்தீர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். அது பனையில் திக்கித் திக்கி, ஒருமுறை நின்று, பிறகுதான் மறுபக்கம் வந்தது.

"பார்த்தீரோ? மூச்சு வாங்குது," என்றேன்.

"மூச்சு வாங்கினாலும் போய்ச் சேர்ந்திட்டுதே மச்சான். உம்மடையைத் தூக்கிக்கொண்டு படகுக்கை குனிஞ்சால் நான்தான் மூச்சு வாங்கவேணும்."

"பாரம் எண்டால் பலம்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"கைக்கு எட்டாத இடத்துக்கு மெசின் எட்டவேணும். எனக்கு அது காணும்," என்று சொல்லிவிட்டு நீர் காசைக் கட்டிவிட்டீர். நான் என்னுடையதைக் கட்டினேன். ஒரு படகு, இரண்டு மனிதர், இரண்டு இனம். உம்முடைய பற்றரி என் மெசினுக்குள் போகாது, என்னுடையது உம்முடையதற்குள் போகாது. என் முதல் விதியை வாங்கும் அன்றைக்கே உடைத்தீர். திரும்பும் படகில் நான் தள்ளிப்போய் இருந்தேன். நீர் பனைத் துண்டை மடியில் வைத்து, துளைக்குள்ளால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்.

அடுத்தது நீர் மெசினைக் குளிப்பாட்டிய கதை. அதை இந்தக் கரையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பழைய பலகையைச் சுற்றி அறுத்துக்கொண்டிருந்தோம். விளிம்பில் வைத்த உம்முடைய மெசின் வழுக்கிக் கடலில் விழுந்தது. முழங்காலளவுத் தண்ணீர்தான். எடுத்தீர். எடுத்ததும் ஒரு கடல்காரன் இஞ்சினுக்குச் செய்வதைச் செய்தீர். உப்புப் பட்டதை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்பது நமக்குக் கையில் ஊறிய பழக்கம். யோசித்துச் செய்வதில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் மெசினுக்கு மேல் ஊற்றினீர். அதுவரைக்கும் சரி. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு ஊற்றினீர் என்பதால் நான் தடுக்கவில்லை. பிறகு பற்றரியையும் எடுத்து, குழந்தைக்குக் காது கழுவுவதுபோல, விரல் விட்டுக் கழுவினீர்.

"என்ன செய்யிறீர்?"

"அதுவும் கடலுக்கைதானே விழுந்தது."

"அது பற்றரி, மனுசா!"

"பற்றரிக்கு உப்புப் பிடிக்காதோ?"

மெசினைச் சாக்கில் வைத்துக் காயவிட்டீர், அது பிழைத்துக்கொண்டது. பற்றரி செத்தது. கடை பெட்டியோடு தந்த மற்றப் பற்றரி ஒன்றுதான் மிஞ்சியது. ஒரே இனமாக வாங்கியிருந்தால் என்னுடையதைத் தந்திருப்பேன். இதைச் சொன்னபோது நீர், "அதைத்தான் நானும் சொல்லுறன், நீர் என்ரை இனத்திலை வாங்கியிருக்கலாம்," என்றீர். உம்மோடு வாதிடுவது இப்படித்தான் முடியும்.

அதற்குப் பிறகு ஒரு காலை நெஞ்சு நோகிறது என்றீர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உம்மைப் படகில் ஏற்றினோம். இறங்குதுறையில் வைத்து நீர் என்னைக் கூப்பிட்டது வீட்டைப் பற்றிச் சொல்ல என்று நினைத்தேன்.

"மச்சான், உள்பக்கத் துளைக்கு என்ரை மெசினை எடும்."

"முதல்லை அதுக்கு உயிர் இருக்கோ எண்டு பாரும்," என்றேன்.

நீர் சிரித்தீர். நானும் சிரித்தேன். அது நல்ல பகிடிதான், அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதத் தேவையில்லை. அங்கே இருந்தவர் நீர்.

புதுப் பலகையை நான் தனியே வெட்டிப் பொருத்தினேன். என் மெசின் எல்லா வேலையும் செய்தது. இஞ்சின் போல்ட்டுக்குத் துளை போடவேண்டிய கட்டம் வந்தது. பின்பலகைக்கும் மிதவைப் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி உமக்குத் தெரியும். வெளியிலிருந்து துளைத்தால் கம்பி பெட்டியைக் கிழித்துவிடும். உள்ளேயிருந்துதான் துளைக்கவேண்டும். என் மெசின் அதற்குள் போகவில்லை. சரித்தும் பார்த்தேன், கவிழ்த்தும் பார்த்தேன். கரையில் நின்றவர்கள் மிதவைப் பெட்டியை வெட்டி எடு என்றார்கள். அது நாம் இருவரும் சேர்ந்து ஒட்டிய பெட்டி, வெட்டமாட்டேன் என்றேன். இரவல் வாங்கு என்றார்கள். நான் இரவல் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போனேன். அதே கடை, அதே ஆள். என் இனத்தில் சிறிய மெசின் வருவதில்லை என்றார். உம்முடைய இனம் இப்போது வருவதேயில்லை என்றார். பிறகு எனக்கு வழி சொல்லத் தொடங்கினார்.

"இரண்டையும் கொண்டு வாங்கோ ஐயா. விலையிலை கழிச்சுக்கொண்டு வேறை இரண்டு ஒரே இனமாய்த் தாறன். ஒரு சார்ஜர் காணும். பாரமும் குறையும்."

அது என் விதி. என் வாயிலிருந்து வந்த விதியை என் முகத்துக்கே ஓதினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

"பாரத்தைக் குறைக்கவேணும் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வந்தபின் நாட்கள் போயின. காற்று மாறிக் கடலுக்கு இறங்க ஏலாத காலம் நெருங்கியது. தங்கச்சியின் மருமகன் படகை வாங்க ஊர்காவற்றுறையில் ஆள் பார்த்தான். அப்போதும் நான் அவளிடம் பெட்டியைக் கேட்கவில்லை. அவளாகக் கொண்டுவந்தாள்.

இன்று காலை, காறல் எண்ணெய்க்கு அடியில் உம்முடைய பற்றரியின் பித்தளைத் தகடுகள் பளிச்சென்று இருந்தன. களிம்பு இல்லை. என் பற்றரியில் கிறீஸ் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, அது உண்மை. ஆனால் மணலைத் துடைக்கலாம். இந்த மணத்தைத் துடைக்க ஏலாது.

மெசினைக் கரைக்குக் கொண்டுபோய் அந்த இடைவெளிக்குள் விட்டேன். போனது. மணிக்கட்டுத் திரும்பவும் இடம் இருந்தது. முதல் துளையில் திக்கியது, நான் அழுத்தவில்லை. கடையில் பனையில் நின்றதுபோல ஒருமுறை நின்று, பிறகு மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த துளை பாதியில் பற்றரி படுத்துவிட்டது. சார்ஜரைத் தூக்கிக்கொண்டு உம்முடைய வீட்டுக்குப் போனேன். சிவப்பு வெளிச்சம் வந்த கையோடு மின்சாரம் நின்றது. குசினியில் இருந்தேன். தங்கச்சி தேத்தண்ணி தந்தாள். நாங்கள் இருவரும் அந்தச் சார்ஜரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நோயாளியைப் பார்ப்பது போல.

"வருமோ அண்ணை?"

"வரும்."

"மெசினோ? கரண்டோ?"

"இரண்டும்."

மின்சாரம் வந்தது. கொஞ்சம் ஏறியதும் கொண்டு ஓடினேன். ஒரு துளை. திரும்பவும் வீடு. திரும்பவும் கரை. கடைசித் துளையில் மெசின் பாதிக்குமேல் போய் நின்றுவிட்டது. மத்தியானப் படகு இறங்குதுறைக்குள் வருவது எனக்குத் தெரிந்தது. கையால் சுற்ற முடியுமா என்று பார்த்தேன்; முடியாது. பற்றரியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, திரும்பவும் போட்டேன். அதில் ஒரு அறிவும் இல்லை. நீர் செய்வீர், அதனால் செய்தேன். மெசின் ஒரு மூச்சு எடுத்தது. கம்பி மறுபக்கம் வந்தது. அதோடு அது ஓய்ந்தது.

ஊர்காவற்றுறை மனிதர் வந்தபோது நான் கடைசிப் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். பலகையைத் தட்டிப் பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"பெட்டியை வெட்டாமல் எப்பிடி ஐயா உள்ளுக்கை போனனீங்கள்?"

கரைக்கு வந்திருந்த தங்கச்சி சொன்னாள்.

"அவற்ரை மெசின் போகும்."

அவர் அடுத்த படகில் போய்விட்டார். நாளை இஞ்சினை ஏற்றுகிறோம். காற்று இன்னும் மாறவில்லை.

இதை வைத்து நீர் வென்றுவிட்டதாக எண்ணவேண்டாம். அந்த இடம் ஒடுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். பனையில் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் என்னுடையதுதான் நல்ல மெசின்.

உம்முடைய பற்றரியைப் பிரித்து உள்ளே செல் மாற்றித் தருகிற ஒருவர் நகரத்தில் இருக்கிறாராம். அடுத்த கிழமை கொண்டுபோகிறேன். உம்முடைய குசினிக் கதவின் பிணைச்சல் தொங்குகிறது. அதற்கும் அந்தச் சிறிய மெசின் காணும். இப்போது என் வேலைப் பையில் இரண்டு மெசின், இரண்டு சார்ஜர், ஒன்றுக்கொன்று பொருந்தாத பற்றரிகள். கரையிலிருந்து வீடு வருமுன் பையின் வார் தோளை அறுத்துவிடுகிறது. பிழை உம்முடையது. சுமக்கிறவன் நான்.