எழுந்து போக இடமில்லாத கப்பல்

இறச்சகுளம்
வியாழன், மத்தியானம்

அன்பு மகள் தன்யாவுக்கு அப்பா எழுதுகேன். நானும் உனக்க அம்மையும் கப்பல் யாத்திரை முடிஞ்சு, கொச்சியில ரயில் ஏறி, கேடில்லாம வீடு வந்து சேந்தாச்சு. உனக்க சுகத்தையும் கேட்டு எழுதுகது தான் முறை, ஆனா இத்தனை மாசமும் கேக்கும்போதெல்லாம் சுகம் சுகம்னு தான் நீ சொன்ன, அதனால இந்தத் தடவை கேக்கல்ல. போன்ல பேசினா எனக்குச் சத்தம் உயரும், நீ வச்சிருவ, அதான் பேப்பர்ல எழுதுகேன், நிதானமா வாசி. இங்க வாய்க்கால்ல பேச்சிப்பாறைத் தண்ணி வந்தாச்சு, நம்ம வயல்ல நடவு முடிஞ்சுது. அம்மைக்கு முட்டுவலி இப்போ கொஞ்சம் கொள்ளாம், படி ஏறுகா.

கப்பல் விஷயத்துக்கு வாறேன். நீ ஆஸ்திரேலியாவுல, பெர்த்திலேருந்து டிக்கெட் அனுப்பின அண்ணைக்கே எனக்குச் சந்தேகம் தான். கல்யாண நாளும் இல்ல, பிறந்த நாளும் இல்ல, எதுக்குத் திடீர்னு எங்க ரெண்டு பேரையும் நாலு நாள் லட்சத்தீவுக் கப்பல்ல ஏத்தணும். இருபத்தாறு வருஷம் பஸ்ல டிக்கெட் செக்கிங் பாத்தவன் நான், சும்மா கிட்டின டிக்கெட்டை நம்ப மாட்டேன்னு உனக்குத் தெரியும். கொச்சித் துறைமுகத்துல பெட்டியை வாங்கி ஒரு பெல்ட்டுல போட்டான், எங்க போகுதுன்னு கேட்டா ரூமுக்கு வரும் சார்னு சிரிக்கான். அம்மை கொண்டு வந்த தண்ணிக் குப்பியை வாங்கி வச்சுட்டான். ஒரு கார்டைத் தந்து, இதான் சாவி, இதான் காசு, இதான் அடையாளம்னான், மூணும் ஒண்ணானா தொலஞ்சா என்ன செய்யன்னு கேட்டதுக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நான் அதைக் கயித்துல கோத்து பனியனுக்குள்ள போட்டுக்கிட்டேன், குளிக்கையிலயும் கழத்தல்ல. ஏறி ஒரு மணி நேரம் ஆகல்ல, எல்லாரையும் ஒரு இடத்துல கூட்டி, கப்பல் முங்கினா எந்தப் படகுல ஏறணும், மிதக்குத சட்டையை எப்படி மாட்டணும்னு பாடம் எடுத்தான். முங்காத கப்பலுக்கு எதுக்குப் பாடம்னு அம்மைக்கிட்ட கேட்டேன், அவ வாயை மூடிட்டு நில்லுங்கன்னா. நாங்க இல்லாத நேரம் பாத்து வேலைக்காரப் பையன் ரூமுக்குள்ள வந்து கூட்டித் துடைச்சு, துண்டை அன்னம் மாதிரி மடிச்சு வச்சிருந்தான். நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன், ஒண்ணும் போகல்ல. ஒண்ணு சொல்லணும், காலத்த பால்கனியில நிண்ணா கடல் நல்லா தான் இருந்துச்சு, கண்ணு எட்டுன வரைக்கும் கரையே இல்லாம.

சாப்பாட்டு மேசையில எங்ககூட பாளையங்கோட்டைக்காரர் ஒருத்தர், சுந்தரராஜ்னு பேரு, பேங்க்ல இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்ல வயசானவங்களுக்குன்னு வீடு கட்டித் தாறான், நர்ஸ் உண்டு, சாப்பாடு உண்டு, நாங்க போயாச்சு, நீங்களும் வாங்கன்னு ரெண்டு நேரமும் அதே பேச்சு. எனக்கு எல்லாம் தெளிஞ்சுபோச்சு. நீ தான் இந்த ஆளை ஏற்பாடு பண்ணியிருக்க, வீட்டை வித்து எங்களைக் கொண்டு அங்க தள்ளப் போறன்னு. அதுக்கேத்த மாதிரி உனக்க அம்மை, வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குக்கூடத் தனியாப் போகாதவ, நாலு மணி ஆனா போனை எடுத்துக்கிட்டுக் காத்து வாங்கிட்டு வாறேன்னு போயிருகா. ரெண்டாம் நாள் பொறத்தாலயே போனேன். மேல்தட்டுல ஒரு தூணுக்க மறைவில நிண்ணு கப்பல் வைஃபையில உன்கிட்ட தான் பேசிட்டு இருந்தா, என்னைக் கண்டதும் வச்சுட்டா. போனைக் குடு, பாக்கட்டும்னேன். தரமாட்டேன்னா. முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவை.

மூணாம் நாள் ஒரு தீவுக்குப் பக்கம் கப்பல் நிண்ணுது. படகுல கரைக்குக் கொண்டு போவோம்னு சொல்லியிருந்தவன், அலை பெரிசா இருக்கு, இன்னைக்கு வேண்டாம்னுட்டான். மேல்தட்டுல சாஞ்ச நாற்காலியில உக்காந்திருக்கும்போ நான் கேட்டேன், வீட்டை என்ன விலைக்குப் பேசியிருக்கீங்க ரெண்டு பேரும்னு. வீட்டை யாரும் விக்கல்லன்னா உனக்க அம்மை, அந்தப் பாளையங்கோட்டைக்காரரை உனக்குத் தெரியவே தெரியாதாம். பிறகு சொன்னா. நீ மாப்பிள்ளையை விட்டுப் பிரிஞ்சு தனி வீட்டுல இருக்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சுன்னு. நாகேந்திரன் உனக்க போனைத் தினமும் வாங்கிப் பாப்பான்னு, ஆபீஸ்ல யார்கிட்ட சிரிச்சன்னு கேப்பான்னு, பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சான்னு, பத்து நிமிஷம் பிந்தினா கதவைத் திறக்காம வெளிய நிறுத்துவான்னு. வீட்டுல வச்சுச் சொன்னா அப்பா கோவத்துல எந்திரிச்சு கிடைச்ச பஸ்ல ஏறிப் போயிருவாங்க, பேச்சு முடியாது, கப்பல்னா போக வழி கிடையாதுன்னு நீ தான் யோசனை சொன்னியாம்.

அப்படியும் நான் எந்திரிச்சேன், நடந்தேன். சவத்துக் கப்பல், எந்தப் பக்கம் நடந்தாலும் சுத்தி அங்கயே கொண்டு விடுகு. ரெண்டு தடவை அம்மை இருந்த நாற்காலியைக் கடந்து போனேன், அவ தலை நிமிந்து பாக்கல்ல. மூணாவது தடவை உக்காந்துட்டேன். தன்யா எங்கிட்ட எதுக்கு மறைச்சான்னு கேட்டேன். அவன் செய்தது ஒண்ணும் உங்களுக்குத் தப்பாத் தெரியாதுன்னு அவ பயந்தா, கண்ணும் கருத்துமா இருக்கான்னு அவனைப் புகழ்ந்தது நீங்க தானேன்னா. நேத்து எனக்க போனைக் கேட்டீங்களேன்னா. உங்களுக்க சந்தேகத்தோட நான் முப்பத்தெட்டு வருஷம் இருந்தாச்சு, எனக்க மக எதுக்கு இருக்கணும்னா. கோவமாச் சொல்லல்ல மக்கா, சாம்பாருக்கு உப்புக் குறைவுன்னு சொல்லுகது போல சொன்னா. மாப்பிள்ளை பாக்கும்போ நாலு இடத்துல விசாரிச்சவன் நான், குடி உண்டா, கடன் உண்டான்னு எல்லாம் கேட்டேன். இந்த எட்டு மாசமும் வீடியோ போன்ல உனக்குப் பொறத்தால இருந்த சுவர் வேற நிறம், எப்போ கேட்டாலும் மாப்பிள்ளை டூட்டியில, அதை மட்டும் நான் விசாரிக்கல்ல.

இனி முக்கியமான காரியம். நாங்க வந்த மறுநாள் காலத்த நாகேந்திரன் எனக்குப் போன் பண்ணினான். பத்து வார்த்தைக்கு மேல பேசாதவன், மாமா மாமான்னு தேனொழுக விசாரிக்கான். பிறகு மெல்ல, தன்யாவுக்கு ஒரு பார்சல் அனுப்பணும், புது விலாசம் தாங்கன்னான். புருசனுக்குத் தெரியாத விலாசம் எனக்கு எப்படித் தெரியும்னேன். நீங்க விவரமானவரு மாமா, உங்களுக்கு எனக்க நிலைமை புரியும்னான். அது தான் மக்கா எனக்குப் பொறுக்கல்ல, எனக்குப் புரியும்னு அவன் நினைச்சது. இனி கூப்பிடாதேன்னு சொல்லி வச்சேன். அவன் கூப்பிட்ட நாளும் நேரமும் எழுதி வச்சிருக்கேன், நீ வக்கீலைப் பாக்கப் போனா, வேணும்னா சொல்லு. வேலை விட்டு வரும்போ தினமும் ஒரே வழியில வராதே. கதவுக்கு உள்பக்கம் இன்னொரு கொண்டி போட்டுக்கிடு. பார்சல்னு யாரு வந்தாலும் திறக்காதே. ஊர்ல கேப்பாங்களேன்னு அம்மை உறக்கமில்லாம வெப்ராளப்பட்டா, நானே சாயாக்கடையில வச்சுச் சொல்லிட்டேன், எனக்க மக தனியா இருக்கா, நல்லா இருக்கான்னு. இங்க வர நினைச்சா வா, அங்கயே இருக்க நினைச்சா இரு, ரெண்டுக்கும் எங்கிட்டக் காரணம் சொல்ல வேண்டாம். சுசீந்திரம் தாணுமாலயன் உனக்குக் கூட நிப்பான். நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்க விலாசம் எனக்குத் தெரியாது, அம்மைக்கிட்ட கேக்கவும் இல்ல. தெரிஞ்சு வச்சா என்னைக்காவது கோவத்துல எனக்கு வாய் தவறும். இதை மடிச்சு அவகிட்டக் குடுப்பேன், கவர்ல அவ எழுதிக்கிடுவா. கிட்டினா அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லு.

உனக்க அப்பா
கோலப்பன்