இரண்டாவது விசாரணை செல்லாதாம், எஸ்தரக்கா!

சிரிக்க ஆரம்பித்தால் தையல் லைன் முழுவதையும் சிரிக்க வைத்துவிடும் என் எஸ்தரக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம் அக்கா! கோயம்புத்தூர் லேபர் கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. என்னை வேலையை விட்டு நீக்கியது செல்லாதாம். திங்கட்கிழமை முதல் அதே பனியன் கம்பெனியில், அதே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் உங்கள் மெஷினில் தேனிக்காரப் பெண் ஒருத்தி தைக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் வாயே திறக்கமாட்டேன் என்கிறாள், என்ன செய்ய?

நேற்று வள்ளி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்கேஜி போகிறதாம். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்தக் குட்டியால்தானே எல்லாம்!

சரக்கு அனுப்பவேண்டிய அந்த ஷிப்மெண்ட் நாளில், நிறைமாத வயிற்றோடு செக்கிங் டேபிளில் நின்ற வள்ளி சுருண்டு விழுந்தாள். முதலாளியிடம் போனில் கேட்காமல் கேட்டைத் திறக்க முடியாது என்றார் மேனேஜர். நாம் இருவரும் அவளைத் தூக்கிக் கம்பெனி வேனில் ஏற்றினோம். நீங்கள் லைனுக்குத் திரும்பினீர்கள். நான் கேட்டைத் திறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வெளியே போனேனாம், டிரைவரை மிரட்டி வேனை எடுத்தேனாம், வேலையைக் கெடுத்தேனாம்.

கம்பெனி விசாரணையில் எனக்குத் துணைக்கு ஒரு தொழிலாளி உட்காரலாம் என்றதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நான் இருக்கேம்ட்டி" என்று எழுந்தது நீங்கள்தான். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு மேனேஜருக்கு எதிரே உட்காருவது சும்மாவா?

அவரை நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன் சார், சரசு டிரைவரை மிரட்டுனாள்னு சொல்லுதியளே, எப்படி மிரட்டுனா?"

"கையை நீட்டிச் சத்தம் போட்டாங்க."

"அவ குடிக்கத் தண்ணி கேட்டாலே அப்படித்தான் சார் கேப்பா!"

விசாரிக்கக் கம்பெனி அமர்த்தியிருந்த வெளி வக்கீல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். குற்றம் நிரூபணமாகவில்லை என்றுதான் அவர் முடிவு எழுதினார்.

கம்பெனிக்கு அது பிடிக்காமல் வேறொருவரை வைத்து மறுபடி விசாரணை நடத்தினார்கள். இந்த முறை உங்களை உள்ளேயே விடவில்லை. டிரைவர் சுப்பிரமணி அண்ணனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன், கேட்கவில்லை. டிஸ்மிஸ் ஆர்டர் வீட்டுக்கு வந்தது. ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "அழுது முடிச்சாச்சா? சரி, எந்திரி. கேஸ் போடுவோம்."

ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு என்னோடு கோவை பஸ்ஸில் வந்தீர்கள். கேஸ் பாதி நடக்கும்போதே மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "அடுத்த வாய்தா என்னைக்கு?" என்றுதான் கேட்டீர்கள். அப்படி என்ன அவசரம் அக்கா உங்களுக்கு?

அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே பயம், சுப்பிரமணி அண்ணன் சாட்சிக்கு வருவாரா என்பதுதான். அவருக்கும் அந்தக் கம்பெனிச் சம்பளம்தானே சோறு? வந்தார் அக்கா, கம்பெனி கொடுத்த காக்கிச் சட்டையோடு. "இந்தம்மா மிரட்டித்தானே வேனை எடுத்தீங்க?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. அந்தப் புள்ள கெடந்த கெடப்பப் பாத்துப்போட்டு நானாத்தானுங்க சாவியப் போட்டேன். தப்புன்னா என்னையத்தானுங்க கேக்கோணும்."

வெளியே வந்ததும், "வேலை போயிருமுங்களேண்ணா" என்றேன். "போனாப் போகுது கண்ணு. திருப்பூர்ல ஓட்டறதுக்கு வேற வண்டியா இல்ல?" என்று சிரித்தார். போகவில்லை. இன்றும் அந்த வேனை அவர்தான் ஓட்டுகிறார்.

முதல் விசாரணை எனக்குச் சாதகமாக முடிந்தது என்பதற்காகவே இரண்டாவது நடத்தியது தவறு, அதிலும் என் பக்கத்துச் சாட்சியைக் கேட்கவே இல்லை என்று ஜட்ஜ் தீர்ப்பில் சொல்லிவிட்டார். பழைய சர்வீஸும் விட்டுப்போகவில்லை. திங்களன்று நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் போட்ட சத்தத்தில் மேனேஜர் வெளியே வந்து பார்த்தார். "வாங்க சரஸ்வதி" என்றார். அவ்வளவு மரியாதை அவருக்கும் புதிது, எனக்கும் புதிது.

இன்னொரு சேதி. பேக்கிங்கில் சுனிதா என்று ஒடிசாக்காரப் பெண் இருக்கிறாள். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினாள் என்று அவளுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் விசாரணை. இன்று சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து நின்று, "தீதி, நீ வா" என்றாள். தீதி என்றால் அக்காவாம், விசாரணைக்குத் துணைக்கு வரச் சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும். எனக்கு இந்தி அதுகூட வராது. என்ன நடந்தது என்று கையாலும் கண்ணாலும் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு புரிகிறதோ தெரியாது.

ஆனால் அந்த விசாரணை அறையில் அவளைத் தனியாக உட்கார விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உங்கள் பிள்ளைகளுக்குச் சித்தி,
உங்களுக்குத் தங்கச்சி,
சரசு