சுடுகாட்டுப் பாதைக்காக உட்கார்ந்த நாட்கள்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பந்தல் ஒழுகுகிறது. எம்.ஆர்.ஓ. (நம்மூர்த் தாசில்தார்) ஆபீஸ் வாசலில் ரிலே தீட்சை, முறைவைத்து உண்ணாவிரதம், ஒன்பதாம் நாள். பத்திலிருந்து ஐந்து மணிவரை ஐந்து பேர் பட்டினி; மறுநாள் வேறு ஐந்து பேர். கேட்பது சுடுகாட்டுக்குப் பாதை, அவ்வளவுதான். மாந்தோப்புக்காரர் பாதையை மறித்து முள்கம்பி போட்டு மூன்று மாதம்; அதை விட்டால் கால்வாய்த் தண்ணீர்தான் வழி.

வாங்க: தார்ப்பாய், கொசுவர்த்தி, மாமாவுக்கு இருமல் மருந்து.

மாமனாருக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. கொழுந்தன் வேலு கட்டிங் பிளேயரோடு கிளம்பிவிட்டான். "நைனா போய்க்கினு கீறாரு. நீ பந்தல்ல பாட்டு பாடிக்கினு குந்திக்கினு இரு அண்ணி." பிடுங்கி வைத்தேன். கம்பியை வெட்டினால் கேஸ் நம் மேல். கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

நவ. 13, வியாழன்

நாளைக்கு ஆள் தேடி நாக்கு தள்ளுகிறது. நாலு பேர்தான். முனியம்மா அக்கா தானாக வந்தாள். சர்க்கரை நோய்க்காரி. "நான் குந்தறேன்டி. துன்னாம எத்தினி நாளு களை எடுத்துக்கீறேன்." வேண்டாம் என்றிருக்கலாம். ஆள் குறைகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நவ. 14, வெள்ளி

மூன்று மணிக்கு அக்காவுக்கு வியர்த்துக் கொட்டி, கண் செருகிவிட்டது. ஆட்டோ தேடி ஓடினேன். திரும்புவதற்குள் எம்.ஆர்.ஓ. சாரே வெளியே வந்து எலுமிச்சை ஜூஸ் புகட்டியிருக்கிறார். இத்தனை நாளில் முதல் தடவை வாசலைத் தாண்டினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். அக்கா பிழைத்தாள். அவரைக் கும்பிட்டேன்.

நவ. 15, சனி

தெலுங்குப் பேப்பரில் அந்தப் போட்டோ. அதிகாரி உறுதி தந்தாராம், ஜூஸ் கொடுத்துத் தீட்சையை முடித்துவைத்தாராம். என்ன உறுதி? யாரிடம்? போவதற்குள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். போலீஸ்காரர் சிரித்தபடி, "அயிப்போயிந்தி கதம்மா. முடிஞ்சிபோச்சு. பேப்பர்லயே வந்துட்ச்சு."

எம்.ஆர்.ஓ. திருப்பதியில் மீட்டிங்.

அக்கா அழுகிறாள். "நான் குடிச்சிருக்கக் கூடாதுடி." குடிக்காமல் செத்திருக்க வேண்டுமா? யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நவ. 17, திங்கள்

சித்தூர். கலெக்டர் ஆபீஸில் மனு. வரிசையில் மூன்று மணி நேரம், கால் வீக்கம். கம்ப்யூட்டர் பெண் பார்த்துவிட்டு, "இது சால்வ் ஆயிடுச்சுன்னு காட்டுதே அக்கா" என்றாள். இல்லையம்மா என்றேன். "காட்டுதே."

நவ. 18, செவ்வாய்

விடிகாலையில் மாமா போய்விட்டார்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் வேலிவரை போனேன். பாடையை இறக்காமல் நின்றார்கள். தோப்பில் காவலுக்குக்கூட ஆள் இல்லை. வேலு என்னைப் பார்த்தான். "சொல்லு அண்ணி. ஒரு நிமிசம்தான்." எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சரி என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"வேணாம்" என்றேன்.

ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பாடையோடு கால்வாயில் இறங்கினார்கள். மார்பளவு தண்ணீர். நடுவில் சாய்ந்து மாமாவின் தலை நனைந்தது. வேலு தன் துண்டால் துடைத்துக்கொண்டே போனான்.

ஒருத்தனாவது என் பேச்சை மீறியிருக்கக் கூடாதா.