கூட்டறிக்கையில் ஒரு திருத்தம்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி: அந்தப் பிள்ளை நான்தான்.

இன்று மாலை சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, பையிலிருந்த, கூட்டங்களில் நடப்பதைப் பதியும் கூட்டறிக்கைப் புத்தகத்தைச் சமையலறை மேசையில் வைத்தேன். பச்சை மட்டை, கிழிந்த ஓரத்தில் நீங்கள் ஒட்டிய நாடா. திறந்ததும் மண்டபத்தின் மணம் வந்தது. ஈரக் கோட்டுகள், வடை எண்ணெய், தரைக்குப் பூசும் மெழுகு எல்லாம் கலந்த மணம். போன வருடம் உங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்து, செயலாளராக, உங்கள் கடைசி உரையை இதே புத்தகத்தில்தான் எழுதினேன்.

அன்று நீங்கள் பதினொரு வருடம் தலைவராக இருந்து விலகும் நாள். மேசையில் பொன்னாடை மடித்தபடி காத்திருந்தது. ஹரோ மண்டபத்தில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் வழக்கமான நன்றியுரைக்குத் தயாராக இருந்தார்கள். நீங்கள் கோட்டின் உள்பையில் கைவிட்டபோது சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்புப் புத்தகம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். அது இல்லாமல் உங்களை யாரும் கண்டதில்லை. வந்தது நாலாக மடித்த ஒரு தாள்.

"நான் செய்த நல்லதுகளை எல்லாரும் சொல்லிப்போட்டினம். பிழையாச் செய்ததில மூண்டை நான் சொல்லிப்போட்டுப் போறன்."

முதலாவது, கலைவிழாவில் பிள்ளைகளை நடன உடுப்போடு பசியில் நிற்கவிட்டுப் பெரியவர்கள் மாறிமாறிப் பேசியது. சபை சிரித்தது. "இப்பவும் வடை ஆறுது, தலைவர்!" என்று பின்வரிசையிலிருந்து யோகன் அண்ணை கத்தினார். நகரின் மறுபக்கம் எட்மண்டனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எந்தக் கூட்டத்திலும் உங்களை மறித்துக் கேள்வி கேட்பவர். நீங்களும் சிரித்தீர்கள். இரண்டாவது, மண்டபத்தைக் கவுன்சில் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அதைத் தடுத்த கடிதம். அதை எழுதியவர் சங்கத்தோடு கோபித்துப் போய்விட்ட ஒருவர் என்றும், பாராட்டு உங்களுக்கு வந்தபோது வாய் திறக்கவில்லை என்றும் சொன்னீர்கள். சிரிப்பு நின்றது.

மூன்றாவதை நீங்கள் தாளைப் பார்க்காமல் சொன்னீர்கள். "தலைவரா வந்த முதல் வருசம். ஜெர்மனியில இருந்து வந்த ஒரு மனுசி, புருசன் செத்த முப்பத்தொராம் நாள் சாப்பாட்டுக்கு மண்டபம் கேட்டு வந்தவ. மண்டபம் அண்டைக்குச் சும்மாதான் கிடந்தது. அங்கத்தவர் இல்லையெண்டு யாப்பைக் காட்டி, மண்டபத்தைக் குடுக்காமல் விட்டன். கூட ஒரு பெட்டைப்பிள்ளை நிண்டது. மஞ்சள் மழைக்கோட்டு, கை நீளம் மணிக்கட்டுக்குக் காணாது. நான் அவையின்ர பேரைக்கூடக் கேக்கேல்லை."

என் பேனை நின்றுவிட்டது. அந்தக் கோட்டை அப்பா டோர்ட்முண்டில் வாங்கித் தந்தார். அதற்குள் நான் வளர்ந்துவிட்டேன், அவரும் போய்விட்டார். நீங்கள் மறுத்த பிறகு, எட்மண்டனில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவில் வந்தவர்கள் குடை பிடித்தபடி காகிதத் தட்டில் சோறு சாப்பிட்டார்கள். சோற்றில் மழை விழுந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது.

பெரிய பதவிகளில் இருந்து இறங்குபவர்கள் வருத்தம் தெரிவிப்பதை நான் நிறைய வாசித்திருக்கிறேன். நாடுகளை ஆண்ட ஜனாதிபதிகள்கூடக் கடைசிப் பேட்டியில் கொஞ்சம் வருந்துவார்கள். தவறுகள் நடந்தன என்பார்கள், யார் செய்தது, யாருக்கு என்று இருக்காது. உங்கள் வாக்கியத்தில் ஒரு கோட்டும், நீளம் காணாத ஒரு கையும் இருந்தன. யாப்பைப் புரட்டிக்கொண்டே என் மணிக்கட்டையும் பார்த்திருக்கிறீர்கள். பதினொரு வருடம் அதை வைத்திருந்திருக்கிறீர்கள்.

சபை அதை அப்படி எடுக்கவில்லை. "போற நேரத்தில சங்கத்தின்ர பேரைக் கெடுக்கிறீங்களோ?" என்றார் முன்வரிசையில் ஒருவர். "பதினொரு வருசமா இந்த நாக்கு எங்க போனது?" என்றார் யோகன் அண்ணை. ஒரு பெண், "விடுங்கோவன், மனுசன் சொல்லட்டும்," என்றாள். யாரோ கை தட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுவதை உணர்ந்து நிறுத்தினார். நீங்கள் பொன்னாடையைப் போர்த்தவிட்டீர்கள். பிறகு வழக்கம்போலக் கதிரைகளை அடுக்கப் போனீர்கள்.

நான் ஏன் எழுந்து சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கைத்தொலைபேசிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு அணைப்பு, ஒரு படம், அதோடு முடிந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். நான் சங்கத்தில் சேர்ந்ததே, எங்களை மழையில் விட்ட மனிதர் எப்படிப்பட்டவர் என்று கிட்டப் பார்க்கத்தான். இரண்டு வருடம் பார்த்தும் உங்களை வெறுக்க முடியவில்லை. அதை எந்த முகத்தோடு சொல்வது?

அன்றிரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ கழுவிய கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றா.

"அந்தாளுக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஓம். கோட்டின்ர நிறம்கூட."

"அண்டைக்குப் புத்தகத்தைப் புரட்டேக்க அந்தாள் உன்ர கையைப் பாத்ததை நான் கண்டனான். நீ சொன்னனியோ, நாங்கள்தான் எண்டு?"

"இல்லை."

"போய்ச் சொல்லு. பாவம், அந்தாள் அதைச் சுமந்துகொண்டு திரியக்கூடாது."

சங்கத்தின் வாட்ஸ்அப் குழு அந்த வாரம் முழுக்கக் கொதித்தது. கும்பிடும் கைகள், ஆறு நிமிடக் குரல் செய்தி, "இனி வாற தலைவர்மாரும் பாவமன்னிப்புக் கேக்கோணுமோ?" என்று ஒரு நக்கல். புதிய தலைவர் என்னை அழைத்து, "தங்கச்சி, 'விலகும் தலைவர் உரையாற்றினார்' எண்டு ஒரு வரி போடுங்கோ, காணும்," என்றார். "சொன்னதைத்தானே அண்ணை எழுதோணும்," என்றேன். முழுவதையும் எழுதினேன்.

தை மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தேன், சொல்லத்தான். உங்களுக்கு நோய் முற்றியிருந்தது. கம்பளிக்குள் சிறுத்துப்போய் இருந்தீர்கள். ரயில்வேயில் சிக்னல் வேலை செய்த கதைகளைச் சொன்னீர்கள். "சிவப்பெண்டால் நிக்கோணும் எண்டு முப்பது வருசம் பழகிப்போட்டன் பிள்ளை. மனுசரிலும் அதையே பாத்துப்போட்டன்," என்றீர்கள். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "அந்தப் பெட்டை இப்ப எங்க இருக்கோ தெரியாது," என்றீர்கள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தீர்கள். கூட்டங்களில் "திருத்தம் ஏதும் உண்டோ?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் காத்திருப்பீர்களே, அப்படி. "கேட்டால் காத்திருக்கோணும் பிள்ளை. இல்லாட்டி அது கேள்வி இல்லை" என்று எனக்கு ஒருமுறை சொன்னவர் நீங்கள்.

"எங்கயாவது நல்லா இருப்பாள், அங்கிள்," என்றேன்.

"அப்பிடியெண்டால் சரி."

அடுத்த முறை சொல்லலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். மாசி பிறந்து இரண்டாம் வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் முப்பத்தொராம் நாள் அதே மண்டபத்தில் நடந்தது. அம்மா வந்து கடைசி ஆள் சாப்பிட்டு முடியும்வரை பரிமாறினா. அவ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைய கூட்டம் சென்ற வருட அறிக்கையோடு தொடங்கியது. நான்தான் வாசித்தேன். உங்கள் மூன்று பிழைகளையும் உங்கள் வார்த்தைகளிலேயே வாசித்தபோது ஒருவரும் குறுக்கிடவில்லை. "திருத்தம் ஏதும் உண்டோ?" என்று கேட்டேன். புதிய தலைவர் அடுத்த விடயத்துக்குப் போகத் தாளைப் புரட்டினார். நான் காத்திருந்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

பிறகு என் கையையே உயர்த்தினேன்.

"மூன்றாம் பக்கம். 'ஒரு மனுசி' எண்ட இடத்தில கமலாதேவி எண்டு வரோணும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி?"

"என்ர அம்மா. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நிண்டது நான்."

திருத்தத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும். பின்வரிசையில் ஒரு கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. யோகன் அண்ணை எழுந்து நின்றார்.

"வழிமொழியிறன்," என்றார்.

தை மாதம் நீங்கள் அந்தப் பெட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டுக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான்: சென்ற ஆண்டு அறிக்கை ஒரு திருத்தத்துடன் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பின் சபை அடுத்த விடயத்துக்குப் போனது.