பூனை வரைபடமும் பவர் இல்லாத கண்ணாடியும்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் நலம் என்பது உன் இணையப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இப்போது என் கவலையே அதுதான். இதைக் கொண்டு வந்த சித்தப்பா உன் அறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். பொறுமை இல்லாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார், இருக்கட்டும், நீ முழுதாகப் படித்து முடிக்கும்வரை நகரக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் மறுநாள் அது ‘அம்மா சொன்னவை’ என்று உன் பக்கத்தில் ஏறிவிடுகிறது. அப்பா தன் மூக்கின் மேலேயே கண்ணாடியை வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடிய கதையை யார் யாரோ படித்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. அதனால்தான் நேற்று சித்தப்பா ஒரு பொட்டலம் கொண்டு வருவார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதையும் உடனே போட்டுவிட்டாய், உள்ளே என்ன இருக்கும் ஊகியுங்கள் என்று. உள்ளே இந்தக் கடிதம்தான் இருக்கிறது.

காலையில் ஷட்டரைத் தூக்கி, கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்து வைத்ததும் நான் முதலில் செய்யும் வேலை கடைக் கம்ப்யூட்டரில் உன் பக்கத்தைத் திறப்பதுதான், உனக்கே தெரியும். புள்ளியியல் பாடத்தோடு நீ போடும் சண்டை, நீ கருக்கிய ரொட்டி, புதிதாகப் பிடித்துப்போன பாட்டு, நூலகத்தில் மூன்றாம் மாடி ஜன்னல் ஓரத்து நாற்காலி, எல்லாவற்றையும் படிப்பேன். எல்லாவற்றையும்விட உன் பூனை வரைபடம். எந்தத் தெருவில் எந்தப் பூனையை எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று புள்ளி வைத்துப் படமும் போட்டு, அரைமீசை, கணக்குப்பிள்ளை, தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயரும் வைத்திருக்கிறாய், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி நான் பெருமையடித்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர்கூட, உங்க பொண்ணு படிக்கப் போயிருக்கா பூனை பிடிக்கப் போயிருக்கா என்று கேட்டார். இப்போது அதே படத்தைப் பார்க்கும்போது என் கண்ணுக்குப் பூனை எதுவும் தெரியவில்லை. நீ எந்த வழியாகப் போகிறாய், எந்த வழியாகத் திரும்புகிறாய், எப்போது தனியாக நடக்கிறாய் என்பது மட்டும்தான் தெரிகிறது.

போன வாரம் ஒருவர் கடைக்கு வந்தார். அப்பா வயது இருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. கண்ணாடியில் ஸ்குரூ கழன்றுவிட்டது என்று கொடுத்தார். அந்த அளவு ஸ்குரூ கையில் இல்லை, இரண்டு நாள் ஆகும் என்றேன், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, நீங்கதானே பூனை வரைபடத்தோட அம்மா, நான் அதுக்கு ரசிகன் என்றார். நான் உருகிப் போனேன் வாலு, பொய் சொல்லமாட்டேன். உன் பக்கத்தில் நம் கடையின் படம் இருக்கிறது, நானும் அங்கே ‘கண்ணாடிக்கடை அம்மா’ என்றுதான் எழுதுகிறேன், அதைப் பார்த்துத் தேடி வந்தாராம். நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தேன். அவர் அதிகம் கேட்கக்கூட இல்லை. உன் அறைத்தோழி காலி செய்துவிட்டுப் போனது, அடுத்த ஆள் இன்னும் வராதது, பரீட்சை முடியும்வரை நீ ஊருக்கு வரமாட்டாய் என்பது, எல்லாவற்றையும் நானே கொட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, அரைமீசை குட்டி போட்டிருக்கு பார்த்தீங்களா, மூணு, பின்படிக்கு அடியில என்றார். பார்க்கவில்லையே என்று உடனே உன் பக்கத்தைத் திறந்து தேடினேன், குட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் கவனிக்காமல் விட்டேன் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சந்தேகம் முதலில் அப்பாவுக்குத்தான் வந்தது. ஸ்குரூவைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் பவர் பார்க்கும் கருவியில் லென்ஸை வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் பூஜ்யம். வெறும் கண்ணாடி. பையன்கள் அழகுக்குப் போட்டுக்கொள்வார்கள், இந்த வயதில் எவன் போடுவான் என்று பின்னறையிலிருந்து எடுத்து வந்து காட்டினார். அப்போதுதான் எனக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காகக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் தழும்புபோல அமுங்கியிருக்கும், கண்ணாடியைக் கழற்றினால் கண்ணை இடுக்குவார்கள். இவர் கழற்றிக் கொடுத்தபோது மூக்கு மழமழவென்று இருந்தது, சுவரில் இருக்கும் சின்ன எழுத்தைக்கூடக் கண்ணை இடுக்காமல் படித்தார். நம் கடைக்குள் வர ஒரு காரணம் வேண்டும் என்றே ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இவ்வளவு நேரம் அவர் என்று எழுதிவிட்டேன், இனி அவன்.

கண்ணாடியை வாங்க வந்தபோது அப்பாவும் என் பக்கத்தில் நின்றார். நல்லா தெரியுதா என்று கேட்டார், இப்பதான் நல்லா தெரியுது என்றான். பெயரும் முகவரியும் கேட்டோம், மறுபடி வரும்போது சொல்றேன் என்று சிரித்தான். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, உங்க பொண்ணு ரூம்ல பின்கதவுத் தாழ்ப்பாளை இன்னும் சரி பண்ணலையேம்மா, வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பேசுங்க என்றான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். நீங்கதானே எழுதியிருந்தீங்க என்றான். உண்மைதான், உன் பக்கத்தில் வருகிறவர்கள் எழுதும் இடத்தில் நான்தான் எழுதினேன், தாழ்ப்பாள் ஆடுகிறது, சரி செய்யச் சொல் என்று. ஆனால் இன்னும் சரி செய்யவில்லை என்பதை நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. அதற்கு மறுநாள்தான் உன் பக்கத்தில் படம் வந்தது, அரைமீசை குட்டி போட்டிருக்கிறது, மூன்று, என் பின்படிக்கு அடியில், இன்றுதான் கண்டுபிடித்தேன் என்று. உன் வாசலில் நடந்ததை உனக்கு முன்னாலேயே அவன் பார்த்திருக்கிறான். அதைப் படித்துவிட்டு, கடையில் நின்றிருந்த ஒரு பெரியவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ மாட்டிவிட்டேன்.

அப்பா காவல் நிலையத்துக்குப் போனார். மிரட்டினானா, இல்லை. கை வைத்தானா, இல்லை. பவர் இல்லாத கண்ணாடி போட்டால் நாங்க என்ன சார் பண்றது, உங்க பொண்ணு போட்டதைத்தானே படிச்சிருக்கான் என்று அனுப்பிவிட்டார்கள். வந்து பின்னறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துவிட்டார். நான் உன் பக்கத்தில் இரண்டு வருஷமாக எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன், என் மகளுக்கு எழுதியதாக நினைத்துப் படிக்காமல், அவன் படித்திருக்கக்கூடிய மாதிரி படித்தேன். படிக்கட்டு விளக்கு எரிகிறதா. அந்தக் குறுக்குச் சந்து வழியாகத் தனியாக வராதே. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது. எல்லாம் நான் பயந்து பயந்து எழுதியவை வாலு. எங்கெல்லாம் உனக்கு ஆபத்து என்று நானே ஊருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், உன் பூனைப் புள்ளிகளைவிடத் தெளிவாக.

ஆகவே நான் சொல்வதைச் செய். பரீட்சை என்று ஆரம்பிக்காதே, உன் துறைத் தலைவியிடம் அப்பா பேசிவிட்டார், அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். புத்தகங்களை எடுத்துக்கொள், மற்றது கிடக்கட்டும். சித்தப்பா வண்டியில் பின்னால் யாருக்கோ இறக்க வேண்டிய நாற்காலி மேஜையெல்லாம் ஏற்றியிருப்பார், நீ முன்னால் அவர் பக்கத்தில் உட்கார். போகிறேன் என்று யாருக்கும் எழுதாதே, சித்தப்பா வண்டியைப் படம் எடுக்காதே, குட்டிகளை எடுத்து வருகிறேன் என்று பின்படிப் பக்கம் போகாதே, அவற்றுக்கு அவற்றின் அம்மா இருக்கிறாள். உன் பக்கத்தையும் இப்போதே மூடிவிடாதே, நீ வீடு வந்து சேரும்வரை அது அப்படியே இருக்கட்டும். நானும் வழக்கம்போலத் தினமும் எழுதிக்கொண்டிருப்பேன், சாப்பிட்டாயா, தூங்கினாயா, தாழ்ப்பாள் போட்டாயா என்று. நீ இன்னும் அங்கேயே இருப்பதாக அவன் நம்ப வேண்டும். ஆகவே இனிமேல் அங்கே நான் எழுதுவதைப் பார்த்துப் பதில் போடாதே, அது உனக்கு எழுதுவது இல்லை.

கோபப்படாதே கண்ணு. நீ ஆசை ஆசையாகக் கட்டியது அது, அதில் ஒரு தப்பும் இல்லை, யாரோ ஒருவன் வந்து நின்றதற்காக உன்னை நான் திட்டுவேனா. நீ நீண்ட ஆயுளோடு, பயம் இல்லாமல், உனக்குப் பிடித்த தெருக்களிலெல்லாம் நடந்து திரிய வேண்டும், அதுதான் என் ஆசியும் அப்பாவின் ஆசியும். வழியில் சித்தப்பாவைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வா. பொட்டலத்தில் அப்பாவின் பழைய ஸ்வெட்டர் இருக்கிறது, கடிதம் மட்டும்தான் என்று மேலே எழுதியது பொய், வண்டியில் குளிரும், போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்து வாசலிலேயே நிற்கும்
அம்மா

பின்குறிப்பு: கிளம்ப நேரமாகிறது என்று சித்தப்பா இங்கே கடை வாசலில் ஹாரன் அடிக்கிறார். மத்தியானம் நான் உன் பக்கத்தில் சாப்பிட்டாயா என்று எழுதியிருந்தேன், எப்போதும்போல. கடிதத்தை மடிக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன், பதில் வந்திருக்கிறது. நீ எழுதியது இல்லை, பெயரும் இல்லை. சாப்பிட்டுவிட்டாள், இன்று நூலகத்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை என்று இருக்கிறது. படித்தது போதும் வாலு, செருப்பை மாட்டு.